கால் கிச்சன்

என் வீட்டுக்காரர் பெயர் அம்மாவாசி. இதை எழுதுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ரேஷன் கார்டு மனுவில் எழுதியிருக்கிறேன், பேங்க் பாரத்தில் எழுதியிருக்கிறேன், எங்கள் கல்யாணப் பத்திரிகையில் ஒரு 'ம்' விட்டுப்போயிருந்ததைத் திருத்திக்கூடக் கொடுத்திருக்கிறேன். வாயால் சொல்வதுதான் கிடையாது. கட்டியவர் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பேனாவுக்கு அதில் விலக்கு உண்டு போலிருக்கிறது. யார் உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்தார்களோ, நன்றாக இருக்கட்டும்.

மற்றவர்களுக்குப் பெயரோடு போகும். எனக்கு மாதத்தில் ஒரு நாளும் சேர்ந்து போனது. அமாவாசையை நான் அமாவாசை என்று சொல்ல முடியாது. 'இருட்டு நாள்' என்பேன். கறிக்கடைக்காரரிடம், "நாளைக்கு இருட்டு நாளுண்ணே, கறி வேணாம்" என்றால் அவருக்குப் புரியும். புதிதாக வந்த பால்காரருக்குப் புரியவில்லை. கரண்ட் போகப்போகிறது என்று நினைத்து மெழுகுவத்தி வாங்கி வைத்திருந்தாராம்.

போன வருடம் தேனியில் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும் பெண், "பேஷண்ட் பேர் சொல்லுங்கம்மா" என்றபோது நான் ஆதார் கார்டை நீட்டினேன். "உங்களுக்குப் பேச வராதாம்மா?" என்று பாவமாகக் கேட்டாள். என்னைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவள்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போனது இவருடைய காலுக்காக. சுருளிப்பட்டியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்கிறது. பந்தல் கம்பி ஒன்று தொய்ந்திருந்தது. வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஆள் கட்டினால் கம்பி நிற்காதாம், இவர் கட்டினால்தான் நிற்குமாம். ஸ்டூல் போட்டு ஏறினார். கம்பி நின்றது. இவர் நிற்கவில்லை.

வலது தொடையில் பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் ஓய்வு, குத்தவைத்து உட்காரவே கூடாது, வெஸ்டர்ன் டாய்லெட்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் மாடியில் மட்டும்தான் இருக்கிறது. வீடு கட்டும்போது எங்கள் மகன் மகிழன் பெங்களூரிலிருந்து பிளான் போட்டு அனுப்பினான். அவன் தங்கும் அறைக்கு அது கட்டாயம் வேண்டும் என்றான். அவன் தங்குவது வருடத்துக்கு நாலு நாள். மீதி முந்நூற்று அறுபத்தொரு நாளும் அந்த டாய்லெட் ஓய்வில் இருந்தது. இப்போது அதற்கு வேலை வந்துவிட்டது. இவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி, சாமியைச் சப்பரத்தில் ஏற்றுவது போல மாடிக்கு ஏற்றினார்கள். இருபத்திரண்டு படிகள்.

அடுப்படி கீழே. அவர் மேலே. நடுவில் அந்த இருபத்திரண்டு படிகளும், ஏற்கெனவே வேறொரு டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கும் என் முட்டியும்.

அவர் என்னை எப்படிக் கூப்பிடுவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் பெயர் சோணையம்மாள். எங்கள் குலசாமி சோணைச்சாமியை நினைத்து அப்பா ஆசையாக வைத்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். பேங்கில் டோக்கன் நம்பரோடு சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் என் வீட்டுக்காரர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. பெண்டாட்டி பெயரைப் புருஷன் சொன்னால் யார் ஆயுசும் குறையாது. அவருக்கு ஒரு தடையும் கிடையாது. இருந்தும் சொன்னதில்லை. "இந்தா" என்பார். எதையும் கொடுக்கமாட்டார், ஆனால் "இந்தா" என்பார். வெளியாட்களிடம் பேசும்போது நான் "வீட்ல". "வீட்ல சொல்லிருக்கேன்", "வீட்ல கோவிச்சுக்கும்". நான் வீட்டுக்குள் இருக்கிறேனா அல்லது வீடே நான்தானா என்று எனக்கே சில சமயம் சந்தேகம் வரும்.

அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது. எதிர்வீட்டில் இருப்பவர் அவருடைய அக்கா கருத்தம்மாள், எனக்கு மதினி. என்னை "ஏத்தா" என்றுதான் கூப்பிடுவார். அவர் வளர்க்கும் எருமையும் அவருக்கு "ஏத்தா"தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்திருக்கிறோம்.

முதல் வாரம் என் வீட்டுக்காரர் மாடியிலிருந்து "இந்தா" என்று கத்தினார். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு "இந்தா" இருக்கிறாள். நாலு பேர் "என்னங்க" என்று வாசலுக்கு வந்தார்கள், நான் உட்பட. அடுத்ததாக மதினி தன் வீட்டுப் பூஜை மணியைக் கொண்டுவந்து கொடுத்தார். இவர் மேலே மணியடித்தால் நான் கற்பூரத் தட்டோடு போக வேண்டும் போலத் தோன்றும். காபி டம்ளரோடு போனேன். சர்க்கரை பத்தவில்லை என்றார். இருபத்திரண்டு இறங்கி, சர்க்கரை போட்டு, இருபத்திரண்டு ஏறினேன். அதற்குள் ஆறிவிட்டது என்றார்.

மகிழன் இதைக் கேள்விப்பட்டு, "ஏம்மா, ரெண்டு பேருகிட்டயும் போன் இருக்குல்ல. வீடியோ கால் பண்ணிப் பேசுங்க. ஏறி எறங்காத" என்றான்.

நல்ல யோசனைதான். ஆனால் என் வீட்டுக்காரர் வீடியோ காலை எடுத்த உடனே போனைக் காதில் வைத்துக்கொள்வார். போன் என்பது காதில் வைப்பதற்கு என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஒன்பது நாள் நான் அவருடைய காதைத்தான் பார்த்தேன். முப்பத்தொரு வருடத்தில் அந்தக் காதை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. நான் சொல்லும் எதுவும் ஏன் அதற்குள் போவதில்லை என்று ஆராய நல்ல வாய்ப்பாக இருந்தது.

பிறகு கம்பம் டவுனிலிருந்து கேமரா மாட்டும் வினோத்ராஜ் வந்தார். மாடி அறை மூலையில் ஒரு கேமராவை மாட்டி, "இதுலயே நீங்க பேசலாம்க்கா, அவுகளும் பேசலாம். உங்க போன்ல படம் தெரியும்" என்று காட்டிவிட்டுப் போனார். சாயந்திரம் பார்த்தால் என் போனில் பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடியே தலைத்துண்டை வீசிக் கேமராவை மூடிவிட்டார். "களவு போறதுக்கு நான் என்ன திராட்சத் தோட்டமா?" என்று துண்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அந்தத் துண்டைத் துவைக்கும் நாள் வந்ததை மட்டும் கேமரா மிகத் தெளிவாகக் காட்டியது.

கடைசியாகப் பெங்களூரிலிருந்து பார்சலில் இரண்டு பெட்டிகள் வந்தன. ஸ்லேட்டு அளவுக்குத் திரை, பின்னால் ஸ்பீக்கர். ஒன்று மாடியில் கட்டிலுக்கு எதிரே. இன்னொன்று அடுப்படியில் மிக்சிக்குப் பக்கத்தில். தமிழ் தெரியும் என்று அட்டையிலேயே போட்டிருந்தது. எந்த ஊர்த் தமிழ் என்று போடவில்லை.

"கையே வேணாம்மா" என்றான் மகிழன். "கால்னு சொல்லி, பேரச் சொன்னாப் போதும். அதுவே கூப்பிட்டு மொகத்தக் காட்டும். ரொம்ப சிம்பிள்."

"என்ன பேரு?"

"கால் அம்மாவாசின்னு சொல்லு."

"நீ சொல்லலாம்டா. நான் எப்படிச் சொல்ல?"

"பெட்டிகிட்டதானம்மா சொல்ற. அப்பாகிட்டயா சொல்ற?"

"சாமிக்குக் கேக்கும்ல."

மகிழன் பெரிய படிப்பெல்லாம் படித்தவன். எந்தக் காலேஜிலும் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

நான் எனக்குத் தெரிந்த வழியில் முயன்றேன். "கால் வீட்டுக்காரர்" என்றேன். பெட்டி கடைசியில் வந்த 'காரை' மட்டும் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் பழைய கார் விற்கும் இடங்கள் மூன்றைக் காட்டியது. "கால் அவுக" என்றேன். அப்படி யாரும் இல்லை என்றது. வாழ்க்கையில் எனக்கும் சில நாட்கள் அப்படித் தோன்றியதுண்டு. பிறகு, "கால் மகிழன் அப்பா" என்றேன். இது சரியாக இருக்கும் என்று நினைத்தேன். பெட்டிக்கு மகிழன் வரைக்கும்தான் காது கேட்டது. மணி அடித்தது, திரையில் ஏதோ அசைந்தது, நான் முகத்தை நன்றாகக் கிட்டே கொண்டுபோய், "கக்கூஸ் போயிட்டீகளா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

பெங்களூரில் அப்போது அவனுடைய கம்பெனிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போய் எடுத்திருக்கிறான். பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். அதில் தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்களுக்கு அந்த மூன்று பேர் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்குமேல் எனக்குத் தெரிந்த ஒரே வழி மதினிதான். அக்காவுக்குத் தம்பி பெயரைச் சொல்லத் தடையில்லை. அடுப்படிக்குக் கூட்டிவந்து, என்ன சொல்ல வேண்டும் என்று பெயர் வரும் இடத்தில் விரலைக் காட்டி விளக்கினேன். மதினியின் முகம் மாறியது.

"கால் அம்மாவாசின்னு சொல்லணுமா? ஏத்தா, அவனுக்குக் கால் ஒடிஞ்சு ரெண்டு மாசங்கூட ஆகல. அதுக்குள்ள பட்டப்பேரு வச்சிட்டீகளா? நொண்டி அம்மாவாசின்னு சொன்னா அசிங்கம்னு கால் அம்மாவாசியாக்கும்?"

"அது கூப்பிடுறதுக்குச் சொல்ற சொல்லு மதினி. இங்கிலீசு."

"இங்கிலீசுல சொன்னாப்ல நொண்டி எந்திரிச்சு நடந்துருவானா?"

சமாதானப்படுத்த அரை மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகு ஒரு ஏற்பாடு வந்தது. எனக்கு அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் வாசலுக்குப் போய் எதிர்வீட்டுக்குக் குரல் கொடுக்க வேண்டும். மதினி சாணிக் கையைக் கழுவிவிட்டு வந்து, "கால் அம்மாவாசி" என்பார். தம்பி முகம் தெரிந்ததும் மதினியே பேச ஆரம்பித்துவிடுவார். உப்புப் போடுவதிலிருந்து கோலம் போடுவது வரை என்னுடைய குறைகள் ஒவ்வொன்றாக வரும். நான் பின்னால் குழம்பைக் கிளறிக்கொண்டே என்னைப் பற்றிய செய்திகளைத் தெரிந்துகொள்வேன். நான் கேட்க வந்தது மறந்துபோகும்.

இதெல்லாம் என் பக்கத்துப் பாடு. என் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு சிக்கலும் இல்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தாளிக்கக் கடுகைப் போட்டுவிட்டுக் கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தேன். பெட்டிக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பார் போல, மாடி ஜன்னலிலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் வந்தது.

"கால் சோணையம்மாள்."

கடுகு கருகியது. யாரோ வேறு சோணையம்மாளைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நிமிடம் வாசலைப் பார்த்தேன். மிக்சிக்குப் பக்கத்தில் பெட்டி அடித்தது, அதில் அவர் முகம் வந்தது. காது இல்லை, முகம். "என்ன கொழம்பு?" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கல்யாணம் பண்ணிவைக்கும் வயதில் மகனை வைத்துக்கொண்டு, புளிக்குழம்பு பற்றிக் கேட்டதற்குச் சிலிர்ப்பதாவது. ஆனாலும் சிலிர்த்தது.

அப்படிப் பதினோரு நாள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது கூப்பிட்டார். ரிமோட்டைக் காணவில்லை என்பார். ரிமோட் அவருடைய இடது கைக்குப் பக்கத்திலேயே கிடப்பது எனக்குத் திரையில் தெரியும். உடனே சொல்லமாட்டேன். "நல்லாத் தேடிப் பாருங்க, கெடைக்காட்டித் திரும்பக் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுவேன். திரும்பக் கூப்பிடுவார்.

பெட்டி என் பெயரைத் திருப்பிச் சொல்லும்போது 'சோனையம்மாள்' என்றது. இவருக்கு அது பொறுக்கவில்லை. "சோனை இல்ல, சோணை. மூணு சுழி ணை" என்று அதற்குப் பாடம் எடுத்தார். நான் படிக்கட்டுக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சோணை, சோணை, சோணை என்று நாலைந்து தடவை. இத்தனை வருடமாக அந்த மனிதருக்கு என் பெயர் சுழி முதற்கொண்டு தெரிந்திருக்கிறது. மறந்துபோய் இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். மறந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம்.

சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மேலே போய் எதிரே நின்றால், "இந்தா, தண்ணி வைக்கல" என்பார். பெட்டிக்குச் சோணையம்மாள். எனக்கு இந்தா.

அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளாக ஆகப் பழகிவிடும், பெட்டியிடம் சொல்லிச் சொல்லி ஒரு நாள் என்னிடமும் வாய்தவறியாவது வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பதினோரு நாளும் அடுப்படிக்குப் போகும் முன் தலையைச் சீவிக்கொண்டு போனேன். மதினி கவனித்துவிட்டு, "ஏத்தா, எந்த ஊருக்குக் கெளம்பிட்ட?" என்று கேட்டார்.

பன்னிரண்டாம் நாள் மகிழன் போன் பண்ணினான். கம்பெனிக் கூட்டத்தில் நடந்தது அவன் மனதை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

"அம்மா, இங்கேர்ந்தே எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். இனிமே ஆள் பேரே வேணாம். பெட்டிக்கு ரூம் பேரு வச்சிட்டேன். நீ 'கால் மாடி'ன்னு சொல்லு. அப்பா 'கால் கிச்சன்'னு சொல்லுவாக. ஒன் பிரச்சன தீந்துச்சு."

என் பிரச்சினை தீர்ந்துதான் போனது. "கால் மாடி" என்றேன், உடனே அவர் முகம் வந்தது. மதினிக்கு வேலை போனது. வீட்டில் ஒரு இடத்தின் பெயரைச் சொல்லி என் புருஷனைக் கூப்பிட்டேன், யார் ஆயுசுக்கும் சேதாரமில்லை. அரை மணி கழித்து மாடியிலிருந்து சத்தம் வந்தது.

"கால் கிச்சன்."

நான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். "இந்தா, மோர் இருக்கா?" என்றார்.

இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு மகிழனிடம், "அப்பா பக்கத்துக்கு மட்டும் பழையபடியே வச்சிருடா" என்றேன்.

"ஏம்மா, வேல செய்யலையா?"

"செய்யுது. பேரு நல்லா இருந்துச்சு."

"ஒரு பக்கம் ரூம் பேரு, ஒரு பக்கம் ஆள் பேருன்னு வச்சா சிஸ்டம் கொழம்பிரும்மா."

சிஸ்டம் குழம்பக் கூடாது என்று விட்டுவிட்டேன். அவரிடமே சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்க்கலாம் என்று அன்று மத்தியானம் திரையில் வைத்து ஆரம்பித்தேன். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"முன்னக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடலாம்ல?"

"முன்ன எப்படிக் கூப்பிட்டேன்?"

"பெட்டிகிட்ட என்ன சொன்னீக?"

"பேரச் சொன்னேன்."

"அதத்தான் சொல்றேன்."

அவர் யோசித்தார். யோசித்துவிட்டு, "இது சுருக்கா இருக்குல்ல. அது வாய்க்கு நீளம்" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். என் பெயர் ஆறு எழுத்து. கிச்சன் நாலு எழுத்து. இரண்டு எழுத்து அவருக்கு மிச்சம். அப்போது எனக்கு அழுகை வந்தது. நல்லவேளை, கையில் வெங்காயம் இருந்தது, யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் சமையலை முடித்தேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம், எல்லாவற்றையும் மூடி வைத்தேன். அடுப்படியை விட்டு வந்து முன்னறையில் வாசலைப் பார்க்க உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்தேன். மணி ஒன்று ஆனது. மேலே "கால் கிச்சன்" என்றார். பெட்டி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவர் கூப்பிட்டது கிச்சனை. கிச்சன் எங்கேயும் போய்விடவில்லை, கட்டிய இடத்திலேயே இருந்தது. அது எடுத்துப் பேசிக்கொள்ளட்டும்.

ஏழு தடவை அடித்து ஓய்ந்தது. சத்தம் கேட்டு மதினி வந்துவிட்டார்.

"ஏத்தா, பொட்டி அடிக்குது பாரு."

"எனக்கில்ல மதினி. கிச்சனுக்கு வருது."

மதினி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திருநீறு எடுத்துவரலாமா என்கிற மாதிரி பூஜை அலமாரியைப் பார்த்தார்.

மாடியில் வாக்கர் நகரும் சத்தம் கேட்டது. டாக்டர் கொஞ்சம் கொஞ்சம் நடக்கச் சொல்லியிருந்தார். டாய்லெட்டுக்குப் போகவே மலைக்கிறவர், பசி வந்ததும் பால்கனி வரைக்கும் நடந்துவிட்டார். தெருவில் பக்கத்துத் தோட்டத்துப் பழம் ஏற்ற வேன் நின்றுகொண்டிருந்தது. கூடை தூக்கும் அழகர் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில், என் வீட்டுக்காரர் கீழே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏ கிச்சனு."

வாய்தவறி வந்துவிட்டது. பெட்டியிடம் சொல்லிச் சொல்லிப் பழகி, நான் எதிர்பார்த்தது போலவே ஒரு நாள் என்னைக் கூப்பிடவும் வந்துவிட்டது.

அழகர் அண்ணன் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. நான் மொச்சைச் சுளகைக் கீழே வைத்தேன்.

அந்த இருபத்திரண்டு படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. முட்டி வலித்ததா என்பதுகூட நினைவில்லை. கோபத்தில் ஏறினேன். பாதி வழியில் கோபத்தோடு பயமும் சேர்ந்துகொண்டது, ஏனென்றால் மேலே போய் என்ன சொல்லப்போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அவர் பால்கனிக் கதவுப் பக்கம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோற்றுத் தட்டு இருக்கிறதா என்று என் கையைப் பார்த்தார்.

"என்ன, அம்மாவாசி?" என்றேன்.

சொல்லிவிட்டேன். சாமி கேட்டிருந்தால் கேட்டிருக்கும். அவருக்கு ஏதாவது ஆகிறதா என்று தலையிலிருந்து கால் வரை பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. வாக்கரை மட்டும் இறுக்கிப் பிடித்தார்.

"என்ன சொன்ன?"

"பேரச் சொன்னேன். மாடின்னு கூப்பிடலாம்னுதான் வந்தேன். நேர்ல வந்து நின்னுக்கிட்டு மாடின்னு சொன்னா மரியாதையா இருக்காதுல்ல."

"ஆயுசு கொறையும்னு சொல்லுவாக."

"கொறஞ்சாச் சொல்லுங்க, நிப்பாட்டிக்கிறேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மெதுவாக நகர்ந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஒரு காலை நீட்டி, மறு காலை மடக்கி, வாக்கரைப் பக்கத்தில் வைத்தார். கீழே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

"எனக்கும் ஒரு பேரு இருக்கு" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அதைச் சரிசெய்ய நான் மெனக்கெடவில்லை. "பதினோரு நாளு அந்தப் பெட்டிகிட்ட சொன்னீக. சுழியெல்லாம் சொல்லிக் குடுத்தீக. இங்கன வந்து நிக்கிறேன், ஏங்கிட்ட ஒரு நாளாவது சொன்னீகளா? முப்பத்தொரு வருசமா எனக்கு அது ஒண்ணுதான் கொறை. வேற எதையும் நான் கேட்டதில்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அதுகிட்டச் சொன்னா வெக்கமா இல்ல" என்றார். "அதுக்கு மூஞ்சி இல்லைல."

முப்பத்தொரு வருடமாக நான் அதை அலட்சியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதருக்கு வெட்கமாம். தெருவில் நாலு பேர் பார்க்கக் கிச்சன் என்று கத்த வெட்கமில்லை. இதற்கு வெட்கம். திட்டலாமா, சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"எனக்கு மூஞ்சி இருக்கு. அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பந்தல்களுக்கு மேலே மலையைப் பார்த்தபடி, மலைக்குச் சொல்வது போல, "சோணையம்மா" என்றார்.

"இங்கன பாத்து."

திரும்புவதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. கழுத்தில் பிளேட் வைத்தது போல அப்படித் திரும்பினார். காது சிவந்திருந்தது. நரைத்த மீசைக்குக் கீழே உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது. பிறகு என் கண்ணைப் பார்த்து, தெருவுக்குக் கேட்காத குரலில், என் பெயரைச் சொன்னார். ஆறு எழுத்தையும் சொன்னார். ஒன்றையும் மிச்சம் பிடிக்கவில்லை.

எனக்கு நன்றாகவே கேட்டது.

"கேக்கல" என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க."